ஏபிஎஸ் மாட்யூல் ஏன் பேசவில்லை: சொந்தமாக ஒரு ஸ்கேனர் கட்டி, அறுந்த கம்பியைப் பிடித்த பதிவு

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு அணைந்தது. நல்ல வெயிலில் நீண்ட தூரம் ஓட்டிய பிறகும் மறுபடி எரியவில்லை. அது உறுதியான பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். கோளாறு ஒரே ஒரு கம்பியில்தான் இருந்தது. சரிசெய்ய ஒரு சாண் கம்பி போதுமாக இருந்தது. அந்த இடத்துக்குப் போய்ச் சேரத்தான் மாட்யூல்களோடு (வண்டியின் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிகளோடு) நேரடியாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

விளக்கு காலையில் எரியாது. வண்டி சூடான பிறகு எரியும், மறுநாள் தானாக மறைந்துவிடும். என்னிடமிருந்த சாதாரண ஓபிடி ரீடர் (வண்டியின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) எஞ்சினை மட்டும் விசாரித்துவிட்டு, கோளாறு எதுவும் இல்லை என்றது. ஒரு பட்டறையில் பெரிய ஸ்கேனரைச் செருகினார்கள். திரையில் வந்தது ஒரே வரி: 'ஏபிஎஸ் மாட்யூலுடன் தொடர்பு இல்லை'. மாட்யூலை மாற்றிவிடலாம் என்றார்கள். ஏபிஎஸ் மாட்யூல் பம்புடன் சேர்ந்து வருவது. விலை அதிகம், மாற்றினால் பிரேக் ஆயிலில் காற்று எடுக்கும் வேலையும் கூடவே வரும். அந்த ஒற்றை வரியை நம்பி அவ்வளவு பெரிய வேலையில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. கேள்வி போய்ச் சேரவில்லையா, பதில் வரவில்லையா, மாட்யூல் மறுத்ததா, அல்லது ஸ்கேனர் தவறான முகவரியில் கேட்டதா? எல்லாவற்றுக்கும் திரையில் வருவது அதே வரிதான்.

முதலில் மல்டிமீட்டர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 ஊசி ஓபிடி கனெக்டரில் எனக்குத் தேவைப்பட்டவை மூன்று: 6-ஆம் ஊசி கேன் ஹை, 14-ஆம் ஊசி கேன் லோ, 5-ஆம் ஊசி சிக்னல் கிரவுண்ட். கேன் என்பது மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பி வலை. ஹை, லோ அதன் இரு கம்பிகள். 16-ஆம் ஊசியில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். மீட்டர் முனை வழுக்கி அதையும் கிரவுண்டையும் சேர்த்துத் தொட்டால் ஃபியூஸ் போய்விடும். அதனால் அந்தத் துளையை முதலில் ஒரு துண்டு டேப்பால் மூடினேன்.

கேன் கம்பிகளின் இரு முனைகளிலும் தலா 120 ஓம் மின்தடை இருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால் 6-க்கும் 14-க்கும் இடையே 60 ஓம் வர வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் கழித்து அளந்தேன்: 60.8. பேட்டரியை மாட்டி இக்னிஷனைப் போட்டதும் 6-இல் ஏறக்குறைய 2.6 வோல்ட், 14-இல் 2.4 வோல்ட். மீட்டர் காட்டுவது சராசரியைத்தான் என்றாலும், இரண்டும் 2.5-க்கு அருகில் இருந்தால் கம்பிகளில் பெரிய சிக்கல் இல்லை என்று கொள்ளலாம். கொண்டேன். அந்த அளவு எடுத்தது காலையில், வண்டி குளிர்ந்திருந்தபோது. இந்த விவரம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

ஸ்கேனர் கட்டியது

ஓர் ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி இயக்கும் சிறு பலகை), எம்சிபி2515 சிப்பும் டிஜேஏ1050 சிப்பும் உள்ள சின்ன கேன் பலகை, 16 ஊசி ஆண் செருகி, முறுக்கிய இரட்டைக் கம்பி 60 சென்டிமீட்டர், ஒரு பஸ்ஸர். செலவில் பெரிய பங்கு செருகிக்கே போனது. ஊசிகள் ஆடாத நல்ல செருகியாக வாங்குங்கள். நாம் தேடுவதே விட்டுவிட்டு வரும் தொடர்பு என்னும்போது, தேடும் கருவியில் தளர்ச்சி இருக்கக் கூடாது. மின்சாரத்தை லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்து எடுத்தேன். 16-ஆம் ஊசியில் கம்பியே இணைக்கவில்லை.

இந்தப் பலகையில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, பலகையிலேயே ஒரு 120 ஓம் மின்தடை ஜம்பரோடு வருகிறது. ஜம்பரை எடுக்காமல் வண்டியில் செருகினால் மூன்று மின்தடைகள் இணையாகி 40 ஓம் ஆகிவிடும். அதை எடுத்துவிட்டேன். இரண்டாவது, சிப்புக்குத் தாளம் தரும் படிகம். என் பலகையில் இருந்தது 8 மெகாஹெர்ட்ஸ். நான் எடுத்த நிரல் தொகுப்போ 16 என்று கருதி எழுதப்பட்டது. அதனால் 500 கிலோபிட் என்று நான் கேட்டது உண்மையில் 250 ஆக ஓடியது. ஒரு ஃப்ரேம்கூட (கேன் கம்பியில் போகும் ஒரு செய்தித் துண்டு) வரவில்லை. நல்லவேளையாகத் தொடக்கத்திலேயே சிப்பை 'கேட்க மட்டும்' நிலையில் வைத்திருந்தேன். தவறான வேகத்தில் முழு நிலையில் இணைந்திருந்தால், வண்டியின் ஃப்ரேம்களைப் பிழை என்று இந்தச் சிப் கலைத்திருக்கும். மீட்டர் பலகையில் எல்லா விளக்குகளும் எரிந்திருக்கலாம். யார் இதைச் செய்தாலும் முதல் இணைப்பு 'கேட்க மட்டும்' நிலையிலேயே இருக்கட்டும். படிகத்தின் எண்ணைத் திருத்தியதும் ஃப்ரேம்கள் அருவி மாதிரி கொட்டின.

எஞ்சினோடு முதல் பேச்சு

இனி வரும் எண்கள் பதினாறு நிலை எண்கள். ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் இலக்கங்களாக வரும். ஓபிடி விதிப்படி 7டிஎஃப் என்பது பொது அழைப்பு முகவரி. 7இ0 எஞ்சினுக்கு மட்டுமான முகவரி, அதன் பதில் 7இ8-இல் வரும்.

எஞ்சின் குளிர்நீரின் வெப்பநிலையைக் கேட்டேன்: 02 01 05. முதல் பைட் 'பின்னால் இரண்டு பைட் இருக்கிறது' என்கிறது, 01 சேவை எண், 05 வெப்பநிலை. மூன்று பைட்தானே என்று ஃப்ரேமின் நீளத்தை 3 என்று வைத்து அனுப்பினேன். மௌனம். ஓபிடி கேள்வி எப்போதும் எட்டு பைட் ஃப்ரேமாகவே இருக்க வேண்டும். குறைந்தால் மாட்யூல் அதைக் கண்டுகொள்ளாது, பிழை என்றும் சொல்லாது. மீதியைப் பூஜ்யங்களால் நிரப்பி அனுப்பியதும் வந்தது: 03 41 05 78. சேவை எண்ணோடு 40 கூட்டிப் பதில் தருவது மாட்யூல்களின் மரபு. அதனால் 01-க்கு 41. 78 என்பது நம் கணக்கில் 120. அதில் 40 கழித்தால் 80 டிகிரி செல்சியஸ்.

அடுத்து வண்டியின் 17 எழுத்து அடையாள எண்: 02 09 02. இதற்குப் பதில் ஒரே ஃப்ரேமில் அடங்காது. முதலில் 10 14 49 02 01 என்று தொடங்கி மூன்று எழுத்துகளோடு ஒரு ஃப்ரேம் வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. தொடக்கத்தின் 10 'இது முதல் துண்டு' என்பதற்கு. 14 என்பது மொத்த நீளம் 20 பைட். முதல் துண்டை அனுப்பிவிட்டு மாட்யூல் நம் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. 30 00 00 என்று சொன்னால்தான் மீதியை அனுப்பும். அதையும் நான் பழக்கத்தில் 7டிஎஃப் முகவரிக்கே அனுப்பினேன், பலிக்கவில்லை. கேள்வியைப் பொதுவாகக் கேட்கலாம். அனுமதியைக் குறிப்பிட்ட மாட்யூலுக்குத்தான் தர வேண்டும். 7இ0-க்கு மாற்றியதும் 21 என்று தொடங்கி ஏழு எழுத்துகள், 22 என்று தொடங்கி ஏழு எழுத்துகள். மூன்றும் ஏழும் ஏழும் பதினேழு. அந்தக் கணக்கு சரியாக வந்தபோது இருந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

ஏபிஎஸ் எங்கே இருக்கிறது?

எஞ்சின் போன்ற, புகையோடு தொடர்புள்ள மாட்யூல்களுக்கான முகவரியைத்தான் ஓபிடி விதி சொல்கிறது. ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், மீட்டர் பலகை ஆகியவற்றுக்கு முகவரி தருவது தயாரிப்பாளர். என் சின்ன ரீடர் ஏபிஎஸ்ஸைத் தேடவே இல்லை என்பதன் காரணம் இதுதான்.

700 முதல் 7எஃப்எஃப் வரை ஒவ்வொரு முகவரிக்கும் 'நான் இருக்கிறேன்' என்னும் எளிய செய்தியை அனுப்பி, யார் பதில் தருகிறார்கள் என்று பார்ப்பதாகத் திட்டம். அந்தச் செய்தி 3இ. அதற்கு முன், ஏதும் அனுப்பாமல் வண்டியின் சொந்தப் போக்குவரத்தைச் சற்று நேரம் பதிவு செய்து, அந்த வரம்பில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் எண்களை விலக்கினேன். மற்றொரு மாட்யூலின் எண்ணில் நாம் பேசுவது ஆபத்து. வண்டி நிறுத்தி, எஞ்சின் அணைத்து, இக்னிஷன் மட்டும் போட்ட நிலையிலேயே எல்லாம். எழுதும் சேவைகளையும் மாட்யூலை மறுதொடக்கம் செய்யும் சேவையையும் நிரலில் சேர்க்கவே இல்லை. பிரேக்கோடு தொடர்புள்ள மாட்யூலில் விளையாட்டு கூடாது.

முதல் சுற்றில் எவரும் பதில் தரவில்லை, எஞ்சின்கூட. மாதிரி நிரல்களில் பார்த்தபடி 02 3இ 80 என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த 80-இன் பொருள் 'சரி என்றால் பதில் தர வேண்டாம்' என்பது. தொடர்பை உயிரோடு வைத்திருக்க ஸ்கேனர்கள் பயன்படுத்தும் வடிவம் அது, தேடலுக்கு உதவாது. 02 3இ 00 என்று மாற்றினேன். இப்போது எஞ்சினும் மீட்டர் பலகையும் ஸ்டீயரிங்கும் பேசின. 760-க்கு அனுப்பியதற்கு 768-இலிருந்து 02 7இ 00 என்று ஏபிஎஸ்ஸும் பேசியது! இந்த வண்டியில் எல்லாப் பதில்களும் கேள்வியின் எண்ணோடு 8 கூட்டி வருகின்றன. எல்லா வண்டிகளிலும் இப்படி இருக்காது. எனவே பதில் எண்ணை ஊகிக்காமல் வருவதையெல்லாம் பதிவு செய்வதே நல்லது.

மாட்யூல் உயிரோடு இருக்கிறது. ஆனால் மீண்டும் மீண்டும் கேட்டபோது சில பதில்கள் விடுபட்டன. கம்பிதான் காரணம் என்று பானெட்டைத் திறக்கப் போனவன், எஞ்சினுக்கும் அதே சோதனையை ஓட்டிப் பார்த்தேன். அதிலும் விடுபட்டன. அப்படியானால் குறை என் கருவியில். 500 கிலோபிட் வேகத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 4,000 ஃப்ரேம்கள் வரை வரக்கூடும். எம்சிபி2515-இல் வரும் ஃப்ரேமைத் தாங்கும் இடம் இரண்டே இரண்டு. லேப்டாப்புக்குப் போகும் சீரியல் இணைப்போ 115200 வேகத்தில் நொடிக்கு 11,520 எழுத்துகளைத்தான் கடத்தும். எல்லா ஃப்ரேமையும் அச்சிட முயன்றதால் பதில்கள் நிரம்பி வழிந்து காணாமல் போயின. சிப்பின் பிழைப் பதிவேட்டைப் படித்தால் 'நிரம்பி வழிந்தது' என்னும் பிட் எழுந்து நின்றது. சிப்பின் வடிகட்டியில் முகமூடி 700, வடிகட்டி 700 என்று வைத்து, 700-க்கு மேற்பட்ட எண்களை மட்டும் உள்ளே விட்டேன். அதன் பிறகு எஞ்சினிடமிருந்து ஒரு பதிலும் தவறவில்லை. கருவி தவறவிடுவதில்லை என்று நிரூபித்த பிறகுதான் மாட்யூலின் மௌனத்துக்குச் சாட்சி மதிப்பு வருகிறது. இந்தப் படியை யாரும் தாண்டிவிடக் கூடாது.

இரண்டு மாட்யூல்களின் புகார்

ஏபிஎஸ்ஸிடம் முதலில் விரிவான அமர்வு (ஆழமான சோதனைக் கேள்விகளுக்கு இடம் தரும் நிலை) கேட்டேன்: 02 10 03. பதில்: 06 50 03 00 32 01 எஃப்4. இதன் கடைசி நான்கு பைட்டுகள் மாட்யூலே தன் கால அளவைச் சொல்வது: வழக்கமாக 50 மில்லிநொடிக்குள் பதில் தருவேன், அவகாசம் கேட்டால் 5 நொடி வரை பொறுத்துக்கொள். அவகாசம் கேட்பது 7எஃப் என்று தொடங்கி 78-இல் முடியும் ஃப்ரேம். 7எஃப் என்று தொடங்குவதெல்லாம் மறுப்பு என்று எடுத்துக்கொள்ளும் ஸ்கேனர் நிரல், சற்றுப் பொறுத்தால் வந்திருக்கும் பதிலை இழந்துவிடும்.

கோளாறுப் பட்டியலுக்கு 19 02 சேவை. ஏபிஎஸ் தந்த ஒரே கோளாறு சி1 00, நிலை 28. சி1-இன் முதல் இரு பிட்டுகள் 11. அது வலைத் தொடர்புக் குறியீடுகளின் வகை. ஆக யூ0100: எஞ்சின் மாட்யூலோடு தொடர்பு அறுந்தது. எஞ்சினிடம் அதே சேவையில் கேட்டால் சி1 21, அதாவது யூ0121: ஏபிஎஸ்ஸோடு தொடர்பு அறுந்தது. புகை தொடர்பான 03 சேவையில் இது வரவில்லை. சின்ன ரீடர் 'கோளாறு இல்லை' என்றது அதனால்தான்.

இரண்டும் ஒன்றையொன்று குறை சொல்கின்றன. மீட்டர் பலகையும் ஸ்டீயரிங்கும் எஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அறுபடுவது ஏபிஎஸ் பக்கம். நிலை 28 இன்னொன்றையும் சொன்னது: கோளாறு உறுதி செய்யப்பட்டது, ஆனால் இந்த நொடியில் இல்லை. யோசித்தால், ஏபிஎஸ்ஸிடமிருந்து இந்தக் குறியீடு 'இப்போது இருக்கிறது' என்ற நிலையில் என் கைக்கு வரவே வராது. அது இருக்கும் நேரத்தில் சொல்வதற்கு வழி இல்லை. இந்த வகைக் கோளாறில் 'பழைய குறியீடு' என்று அழித்துவிட்டுப் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

அடுத்து வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, விளக்கு எரிந்ததும் நிறுத்தித் தேடலை ஓட்டினேன். 768 இல்லை, மற்றவை எல்லாம் பேசின. பேட்டரியைக் கழற்றி 6-க்கும் 14-க்கும் இடையே அளந்தால் 119 ஓம். காலையில் 60.8 காட்டிய அதே இடம். ஒரு முனை மின்தடை காணாமல் போயிருந்தது, அது ஏபிஎஸ் மாட்யூலுக்குள் இருப்பது. ஒரு மின்தடையோடும் மற்ற மாட்யூல்கள் சமாளித்துக்கொண்டிருந்தன.

கம்பி

வண்டி ஆறிய பிறகு, இக்னிஷனைப் போட்டு 760-க்கு 100 மில்லிநொடிக்கு ஒருமுறை 3இ 00 அனுப்பும்படி வைத்து, பதில் தவறினால் பஸ்ஸர் ஒலிக்கும்படி செய்தேன். பானெட்டைத் திறந்து வயரிங் கட்டை மாட்யூலிலிருந்து தொடங்கி ஒரு கையகலம் ஒரு கையகலமாக வளைத்துக்கொண்டே போனேன். கனெக்டரை ஆட்டியபோது சத்தம் இல்லை. கட்டு ஒரு தாங்கியில் கிளிப் போட்டு வளையும் இடத்தில் பஸ்ஸர் அலறியது. கையை விட்டால் நின்றது.

பேட்டரியைக் கழற்றி, மாட்யூலின் கனெக்டரை எடுத்து அளந்தேன். மாட்யூல் பக்கம் இரு கேன் ஊசிகளுக்கிடையே 120 ஓம், மாட்யூலில் பழுதில்லை. 14-ஆம் ஊசியிலிருந்து கனெக்டர் வரையிலான கேன் லோ கம்பி நேராக இருந்தால் 0.4 ஓம், கிளிப் இடத்தில் வளைத்தால் திறந்த சுற்று. உறையில் கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு இழைகள் ஒடிந்திருந்தன. சூட்டில் உறை நெகிழ்ந்து விரிந்ததும் ஒடிந்த முனைகள் விலகின.

ஒடிந்த பகுதியை வெட்டி எடுத்து 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பித் துண்டைச் சேர்த்தேன். பற்றவைக்காமல் இறுக்கு இணைப்பானையே பயன்படுத்தினேன். பற்றாசு ஏறிய இழை விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் மறுபடி ஒடியும். மேலே உள்பசையுள்ள சூட்டில் சுருங்கும் உறை. முறுக்குப் பிரிந்த நீளத்தை 50 மில்லிமீட்டருக்குள் வைத்து, மறுபடி கேன் ஹையோடு முறுக்கினேன். கட்டுக்குச் சற்றுத் தளர்ச்சி கிடைக்கும்படி கிளிப்பை நகர்த்தினேன்.

குறியீடுகளை அழிக்க எஞ்சின் ஓடும்போது 14 எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப் அனுப்பியதற்கு 7எஃப் 14 22 வந்தது: நிலைமை பொருந்தவில்லை. எஞ்சினை அணைத்து இக்னிஷன் மட்டும் போட்டு அனுப்பியதும் 54. இதுதான் மறுப்புக்கும் மௌனத்துக்கும் உள்ள வேறுபாடு. மறுப்பவன் கேட்டிருக்கிறான், காரணமும் சொல்கிறான்.

சூடான வண்டியில் மறுபடி அளந்தபோது 60.5 ஓம். பஸ்ஸர் சோதனையை நீண்ட நேரம் ஓடவிட்டும் ஒலிக்கவில்லை.

அடுத்த முறை என்றால் 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் உள்ள பலகையையே எடுப்பேன். 500 கிலோபிட்டில் ஒவ்வொரு பிட்டையும் எங்கே படிப்பது என்பதை இன்னும் நுணுக்கமாக அமைக்கலாம். மின்தடை அளவைக் கோளாறு இருக்கும் நேரத்திலேயே எடுப்பேன். மாட்யூல் பக்க கனெக்டரிலும் அளக்க நுண்ணிய ஆய்வு ஊசிகளை முன்பே வாங்கி வைப்பேன். மீட்டரின் தடித்த முனையைத் திணித்தால் கனெக்டரின் துளை விரிந்து புதுக் கோளாறு பிறக்கும். ஓபிடி கனெக்டருக்குப் பின்னால் கேட்வே மாட்யூல் (வெளியிலிருந்து வரும் கேள்விகளை உள்ளே கடத்தும் இடைவாசல்) உள்ள புதிய வண்டிகளில் 6-க்கும் 14-க்கும் இடையே அளப்பது கேட்வே வரையிலான கம்பியைப் பற்றி மட்டுமே சொல்லும். அங்கே மின்தடையைக் கேட்வேக்கு அப்பால், அந்தந்தக் கேன் கம்பியிலேயே அளக்க வேண்டும். பஸ்ஸர் சோதனை மட்டும், கேட்வே கேள்வியைக் கடத்தும்வரை, அங்கேயும் இதேபோல் வேலை செய்யும்.